ஒன்பதாம் வரியில் போன சிவில்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

2017 வரை கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். காலியிடங்கள் திரையில் தெரியும். மிச்சம் இருப்பதில் ஒன்றைச் சொன்னால் போதும். 2018 முதல் பொதுக் கலந்தாய்வு இணையவழி. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள். எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமலே மூன்று நாளுக்குள் விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்தித் தர வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை மலைத்துப் போகாமல் என்ன செய்யும்?

போன ஆண்டு என் முன்னாள் மாணவி ஒருத்தி கணினி மையத்தில் பட்டியல் பதிந்தாள். அவள் ஆசைப்பட்டது அரசுக் கல்லூரியில் சிவில். "அதை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால் எல்லாம் போய்விடும்" என்று அங்கே யாரோ சொல்ல, பயந்துபோய் கிடைக்கக்கூடிய எட்டை முதலில் எழுதிவிட்டாள். சிவில் ஒன்பதாவது. முதல் வரியில் இருந்த கல்லூரியே ஒதுக்கீடானது. அவள் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்கு 168.5. அந்த சிவில் இடமோ அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் 164 வரை போயிருக்கிறது. ஒதுக்கீடான பிறகு வேறு இடத்துக்கு மேல்நோக்கி நகரக் கேட்கலாமே என்றால், பட்டியலில் மேலே எழுதியதற்குத்தான் நகர முடியும். அவள் ஆசையோ கீழே கிடந்தது. அன்று அவள் அம்மா என்னிடம் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது.

கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கும். ஒரு சுற்றுக்குள் நடப்பது மிக எளிது. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்க்கிறார்கள். முதல் வரியில் இடம் இல்லையா, அடுத்த வரி. எட்டாத கல்லூரியை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது கைநழுவாது. ஆகவே ஆசைப்பட்டதை முதலிலும், கட்-ஆஃப் பார்த்துப் பாதுகாப்பானவற்றைக் கடைசியிலும் எழுதலாம். எத்தனை எழுதினாலும் தடையில்லை.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளைத் தாளில் ஒரு மாதிரிப் பட்டியல் எழுத வைக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் கலந்தாய்வு நாட்களில் இந்த விதியைக் கட்டம் கட்டி வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், துறையூர்