டப்பாவில் வளர்த்த கறுப்புப் புள்ளி

மண்டபம்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டுவலி என்று சாக்குச் சொல்லலாம். கடலில் மிதந்து வந்த கட்டையிலும் பூஞ்சை வளருமா என்று நீ கேட்டதற்குப் பதில் இல்லாமல் எழுதப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் ஒதுங்கிய சவுக்குக் கட்டையில் ஒரு துண்டு கொண்டுவந்தேன் அல்லவா? கடல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளின் மேல் அதை வைத்து, இனிப்புக்கடை டப்பாவில் மூடிவைத்தேன். அந்த டப்பாவுக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், விரிசலில் சிக்கிய மணல் துகள்களில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள். கடுகில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். லென்ஸில் உருண்டையாகத் தெரிந்தது, மணலை இறுகப் பிடித்துக்கொண்டு.

நீ கொடைக்கானல் கட்டைகளுக்குச் செய்கிறபடியே ஊசியால் உடைத்து அயோடின் விட்டேன். மரக்கட்டையில் வளரும் உன் சைலேரியா பூஞ்சைக்கு, வித்துகளை வைத்திருக்கும் பையின் நுனியில் நீல வளையம் வரும். எனக்கு வெறும் மஞ்சள்தான். பையையே காணோம்! மூன்று நாள் இப்படிப் போனது.

அப்புறம்தான் உறைத்தது. உன் மலைப் பூஞ்சை வித்தைக் காற்றில் விசிறியடிக்க வேண்டும், அதற்குப் பை விறைப்பாக நிற்க வேண்டும். தண்ணீரில் கிடப்பதற்கு அந்த வேலை எதற்கு? இந்த வகையில் பை முன்னாலேயே கரைந்துபோகிறது. வித்து மெல்லக் கசிந்து அலையோடு போய்விடும். இல்லாத பையில் நீலம் தேடியிருக்கிறேன்.

சரி என்று அயோடினை மூடிவிட்டு, கடல் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். கவர் கிளாஸை அழுத்தவே இல்லை. நிறமில்லாத, இரண்டு அறை கொண்ட வித்து. அளந்தேன், 28 மைக்ரான். இரு முனையிலும் கருவேல முள் மாதிரி ஒவ்வொரு முள். அறைகள் சேரும் இடுப்பில் மேல்தோல் வெங்காயச் சருகாய் உரிந்து இழை இழையாய் நிற்கிறது. கொரோலோஸ்போரா மாரிட்டிமா என்ற கடல் பூஞ்சைதான், சந்தேகமே இல்லை. 1922-லேயே வெர்டர்மன் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்துவிட்டார், நமக்கு மிச்சம் வைக்கவில்லை.

அந்த முள்ளும் இழையும் கடல் நுரையில் ஒட்டிக்கொள்ள உதவுகின்றன. மறுநாள் விடியற்காலையில் டம்ளரோடு போய் நுரையை அள்ளினேன். வலை உதறிக்கொண்டிருந்தவர், "சார், வீட்ல சோப்பு தீந்துபோச்சா?" என்றார். நுரை அடங்கியதும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். நான்கு வித்துகள், அதே முள்ளோடு!

மணலோடு கொஞ்சம் அனுப்புகிறேன். கூடவே ஒரு பாட்டில் கடல் தண்ணீர். உங்கள் ஊர்த் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதே. நெத்திலிக் கருவாடும் அதே பார்சலில்தான் வருகிறது. எது எதென்று மதினியிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
சேது