டர்பன் தோட்டச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த மார்ச் முதல் இந்தப் பிப்ரவரி வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன்.

செயற்குழு 6 முறை கூடியது. 4 குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் 'நத்தை மருந்து' என்று வரும் வரிக்கு மட்டும் நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் மழையில் ஓடில்லா நத்தைகள் பெருகி, கீரைப் பாத்தியில் தண்டுதான் மிஞ்சியது. நீல உருண்டை மருந்து போடலாம் என்று சொன்னவன் நான். இரண்டே வாரத்தில் ஓர் உறுப்பினரின் நாய் அதைத் தின்றுவிட்டது. உடம்பெல்லாம் வெட்டி இழுக்க, தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்தது. வைத்தியச் செலவைச் சங்கம் ஏற்றது.

நவம்பரில் உரக்குழி ஓரம் கல்லைப் புரட்டினேன், ஒரு பாம்பு. கொடிய விஷமுள்ள கறுப்பு மாம்பா திரியும் ஊராயிற்றே, மண்வெட்டியை ஓங்கிவிட்டேன். அது சீறவும் இல்லை, ஓடவும் இல்லை; தலையை உள்ளே வைத்து முறுக்குப் போலச் சுருண்டுகொண்டது. நான் கவனிப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. ஒரு முழம்கூட இல்லை. முதுகு செங்கல் நிறம், வயிறு வெளிர் மஞ்சள்.

அப்புறம் பாம்பு பிடிப்பவர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தோம். நத்தை தின்னிப் பாம்பாம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்டது. அந்தச் சுருளைப் பார்த்துத்தான் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'புகையிலைச் சுருள்' என்கிறார்கள். விஷம் கிடையாது, கடிப்பதும் இல்லை. நத்தை போன வழவழப்புத் தடத்தை நாக்கால் மோப்பம் பிடித்தே பின்தொடரும். ஓடுள்ள நத்தையானால் சதையைக் கவ்வி வெளியே இழுக்கும். தின்று முடித்ததும் வாயில் ஒட்டிய பிசினைத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும். முட்டையிடாது, குட்டி போடும். நத்தைக்கு மருந்து வாங்கிய சங்கம், நத்தை தின்னியையும் அடித்திருக்கிறது!

ஜனவரியில் பக்கத்துக் கல்லடியில் விரல் நீளக் குட்டிகள் 7 இருந்தன. அன்றே செயற்குழு கூடி, இனி உருண்டை மருந்து வாங்குவதில்லை, உரக்குழிக் கற்களையும் சருகையும் அள்ளுவதில்லை என்று முடிவெடுத்தது. ஏழு குட்டிகளால் நத்தைத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்த வருடமும் கொஞ்சம் கீரை போகத்தான் செய்யும்.

பிரிக்காத மருந்துப் பெட்டிகள் 3 என் வீட்டு கராஜில் பூட்டிக் கிடக்கின்றன. வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். என்ன செய்வதென்று பொதுக்குழு சொல்லட்டும்.

செயலாளர்