பாப்பாவுக்கு, கதை கேட்டு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

கதைப் போட்டிக்கு வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். நம் வீட்டில் எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை என்றும் சொன்னாய். கோட்டையைப் பற்றித் தாராளமாக எழுது. ஆனால் நம் வீட்டைப் பற்றி நீ சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உன் ஆயா குடியாத்தத்தில் எத்தனையோ வருஷம் பீடி சுற்றினார்கள். அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி ஆயா சுத்துவே?" என்று கேட்டுப் பார். நனைத்த இலைமேல் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவது, மடியில் முறத்தை வைத்துத் தூளைப் போட்டு உருட்டுவது, நூல் கட்டுவது, தலையை மடக்குவது எல்லாம் அவர்கள் விரலிலிருந்தே வரும். "உன் வாழ்க்கையைச் சொல்லு" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்" என்பார்கள். வேலையைப் பற்றிக் கேட்டால்தான் ஆட்களும் வருவார்கள். கணக்குப் பார்த்து வாங்கும் ஏஜென்ட் எந்தக் கட்டைக் கழித்தான், இலை பற்றாமல் போனால் யார் வீட்டில் கடன் வாங்கினார்கள், எல்லாம் வரும்.

அப்புறம், ஆயா சுற்றிய பீடிக்குக் கணக்கு எழுதிய அந்த பாஸ்புக். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. நம் வீட்டு பாஸ்புக்கில் ஆயா பெயர் மட்டும் இருக்கிறது. சுற்றியது மூன்று பேர். உன் பெரிய அத்தையும் சின்ன அத்தையும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முறத்தை எடுத்துக்கொள்வார்கள். பி.எஃப். பணம் ஆயா பெயரில் வந்தது. அது உன் அப்பாவின் டிப்ளமோ படிப்புக்குப் போனது. அத்தைகள் இருவரும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் அப்பாவும்தான். எனக்கு இதைவிடப் பெரிய கதை தெரியாது.

இன்னொன்று, வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை வேறு வேறாகச் சொன்னால் அந்த இடத்தை விடாதே. நாம் வாணியம்பாடியை விட்டு வந்ததற்குப் பாலாற்று வெள்ளம்தான் காரணம் என்பார் தாத்தா. 1903 நவம்பரில் அந்த வெள்ளம் ஊரையே அடித்துக்கொண்டு போனது உண்மை. சின்னத் தாத்தாவோ, வெள்ளத்துக்கு முன்பே கடன்காரன் வாசலில் உட்கார்ந்துவிட்டான் என்பார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடும்பம் எதற்காகக் கடனை மறைத்து வெள்ளத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது என்று யோசி.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் பார். சிலதில் வருஷம் கிழிந்து போயிருக்கும். வெறும் வடஆற்காடு மாவட்டம் என்று இருந்தால் பெரும்பாலும் 1989க்கு முந்தியது. அம்பேத்கர் பெயர் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. ஆம்பூர் உறவினர் பத்திரிகையில் திருப்பத்தூர் மாவட்டம் என்று இருந்தால் 2019க்குப் பிறகு அடித்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பி.எஃப். விஷயத்தை எழுதுவதற்கு முன் பெரிய அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வேண்டாம் என்றால் ஊரை மாற்று, உறவை மாற்று. அப்போதும் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் எழுதாதே. கேட்கும்போது போனை நீட்டிப் பதிவு செய்ய வேண்டாம், அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ராத்திரி வந்து நோட்டில் எழுதிக்கொள்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? பாஸ்புக்கை எடுத்து வைக்கிறேன். பெரிய அத்தைக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை, இடது பக்கமாக உட்கார்.

அன்புடன்,
சித்தப்பா