பேப்பர் பட்டையில் மடக்கை

பாப்பாவுக்கு,

நீ போட்டோ எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். வேலைக்கும் போய்விட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் பரீட்சைக்குப் படிக்கிறாய், திட்ட மனசு வரவில்லை. ஆனால் log என்கிற மடக்கைக் கணக்கில், மடக்கை 2-ஐயும் மடக்கை 3-ஐயும் கூட்டி மடக்கை 5 என்று எழுதியிருக்கிறாயே! மூன்று இடத்தில் இதே தப்பு.

10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் வருமோ அதுதான் அந்த எண்ணின் மடக்கை; மடக்கைகளைக் கூட்டினால் எண்கள் பெருகும். இந்த விதி உனக்குத் தெரியாமல் இல்லை. அதே பக்கத்தின் மேலே கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாய். டிப்ளமோ படிக்கும்போது எனக்கும் இப்படித்தான். சொல்லித்தந்தவர் மடக்கை அட்டவணையைக் கையில் கொடுத்து, பார்த்து எழுது என்றார், அவ்வளவுதான். ஒரு சீனியரிடம் இரவல் வாங்கிய ஸ்லைடு ரூல்தான், அதாவது நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல்தான், எனக்குப் புரியவைத்தது. அதை நீயே செய்துகொள்ளலாம்.

10 செ.மீ. நீளத்தில் இரண்டு பேப்பர் பட்டை வெட்டு. இரண்டிலும் இடது ஓரத்தில் 1. அங்கிருந்து 3 செ.மீ.யில் 2, 4.8-ல் 3, 6-ல் 4, 7-ல் 5, 7.8-ல் 6, 9-ல் 8, வலது ஓரத்தில் 10. மடக்கை 2 என்பது 0.3010, அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த 3 செ.மீ. மற்றதும் அப்படியே. இப்போது மேல் பட்டையின் 1-ஐக் கீழ்ப் பட்டையின் 2-க்கு நேராக நகர்த்து. மேலே 3 இருக்கும் இடத்தில் கீழே என்ன நிற்கிறது? 6. நீ கூட்டியது நீளங்களை, எண்கள் தாமே பெருகிவிட்டன. 5 அங்கே எப்படி வரும்? பட்டையைப் பின்னால் இழுத்தால் வகுத்தல். 2-இன் நீளத்தை மூன்று தடவை வைத்துப் பார், 9 செ.மீ.யில் 8 நிற்கும். அடுக்கு முன்னால் வந்து பெருக்குகிறது என்று படித்தாயே, அது இதுதான். 2+3-க்கு மட்டும் மடக்கையில் குறுக்கு வழி கிடையாது, கூட்டிவிட்டுத்தான் அட்டவணைக்குப் போக வேண்டும்.

மலைச்சாலை வேலையில் மண் வெட்டிய கன அளவெல்லாம் முதலில் இப்படித்தான் போட்டேன். அப்புறம் கால்குலேட்டர் வந்தது, அட்டவணை பரண் ஏறியது.

நேற்று புல்லெல்லாம் உறைபனி. வானம் அவ்வளவு சுத்தம், தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. நம் கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்கு முன்னோடி மதராஸ் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 1861-லிருந்து 1891-ல் சாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டவர் போக்சன் என்ற வானியலாளர். அவர் 1856-லேயே, இங்கிலாந்தில் இருந்தபோது, முதல் தர நட்சத்திரம் ஆறாம் தரத்தைவிட 100 மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். நடுவில் ஐந்து படி. அப்படியானால் ஒரு படிக்கு எத்தனை மடங்கு? 20 என்று சொல்லிவிடாதே! ஒரே எண்ணை ஐந்து தடவை பெருக்கினால் 100 வர வேண்டும். 100-இன் மடக்கை 2, அதனால் அந்த எண்ணின் மடக்கையை 5-ஆல் பெருக்கினால் 2, ஆகவே மடக்கை 0.4. எதிர்மடக்கை, அதாவது 0.4-ஐ மடக்கையாகக் கொண்ட எண்ணைப் பார், 2.512. மூன்றே வரி.

அம்மா மலைப்பூண்டு கட்டி வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் வரும்போது கொண்டுவருவான். ஈரம் படாமல் தொங்கவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன், பட்டை கையில் இருக்கட்டும்.

அப்பா