ப்யூர் வெஜ் என்பது என் கேள்விக்குப் பதில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலை ஓட்டல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார், சுவையாகவும் எழுதுகிறார். ஆனால் நடுவில் ஒரு வரி: ‘வீகன்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் கவலையே இல்லை. எந்தச் சைவ ஓட்டலுக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம்.’ அதற்குப் பிறகு கட்டுரை என் மனதில் ஏறவில்லை.

நான் வீகன், அதாவது விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாதவள். பால், தயிர், வெண்ணெய், நெய் எதையும் தொட்டு எட்டு வருடம் ஆகிறது. பொள்ளாச்சிப் பக்கம் மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவள். பால் சுரக்க மட்டும் கன்றைக் காட்டிவிட்டு இழுத்துக் கட்டுவதையும், காளைக் கன்று என்றால் சில வாரங்களில் தொழுவத்திலிருந்து காணாமல் போவதையும் பார்த்தவள். விடுவதற்கு இத்தனை வயது ஆயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

போன மாதம் சேலம் போகும் வழியில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஓர் ஓட்டலில் இறங்கினோம். “சாதா தோசை, நெய் வேண்டாம், எண்ணெய் மட்டும்” என்று இரண்டு முறை சொன்னேன். தட்டு வந்ததுமே நெய் மணந்தது. கேட்டதற்கு அந்தத் தம்பி, “மேல ஊத்தலம்மா, கல்லுல தடவுனதுதான்” என்றார். பொய் சொல்லவில்லை அவர். அவரைப் பொறுத்தவரை மேலே ஊற்றினால்தான் நெய். சரி, இட்லி கொண்டு வாருங்கள் என்றேன். வந்த சாம்பாரிலும் ஒரு கரண்டி நெய் மிதந்தது. காரில் இருந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இட்லி, தோசை, வடை எல்லாம் வீகன்தானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் சுட்டால் உண்மைதான். ஓட்டலில் ரவா தோசை மாவில் மோர் இருக்கலாம். பரோட்டா, சப்பாத்தி மாவில் பால், நானில் தயிர், குருமாவில் தயிரோ க்ரீமோ. சில இடங்களில் தேங்காய்ச் சட்னியில்கூடத் தயிர் கலக்கிறார்கள். பொங்கலையும் கேசரியையும் நான் கேட்பதே இல்லை. வெளியூரில் என்னைக் காப்பாற்றியவை புட்டும் கடலையும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியும்தான். மீல்ஸ் வாங்கினால் தயிர், மோர், பாயசம் மூன்றையும் ஒதுக்கிவிட்டு முழுக் காசையும் கொடுக்கிறேன். காசு போகட்டும், ரசத்தில் நெய் விட்டுத் தாளித்தார்களா என்று கேட்டால் உண்மையான பதில் வேண்டும்.

அந்தப் பதில் தள்ளுவண்டிக் கடையில் கிடைக்கிறது. மாவு கரைத்தவரே கல்லுக்கு முன்னால் நிற்கிறார், கேட்டால் சொல்லிவிடுகிறார். பெரிய ஓட்டல்களில் மாவும் மசாலாவும் கிரேவியும் சென்ட்ரல் கிச்சனிலிருந்து வண்டியில் வந்து இறங்குகின்றன. பரிமாறுபவருக்கு எதுவும் தெரியாது, அது அவர் தப்பும் இல்லை. ஆனால் முதலாளிக்குத் தெரியும். நாமக்கல்லில் சாப்பிடும் சாம்பார் திண்டிவனத்திலும் அதே ருசியில் இருக்கிறதென்றால், எதில் என்ன போடுகிறோம் என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தத் தாளை மெனுவோடு சேர்த்து வைக்க என்ன கஷ்டம்?

இது நானாகக் கேட்கும் சலுகையும் இல்லை. மத்திய உரிமம் வாங்கிய ஓட்டல்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள ஓட்டல்களும் மெனுவில் கலோரி அளவையும், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களையும் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2020-ல் வந்த விதிகள், 2022 முதல் நடைமுறை. அந்த ஒவ்வாமைப் பட்டியலில் பால் இருக்கிறது. அதே 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிகளும், இலை முளைத்த பச்சை ‘வி’ எழுத்தில் ஒரு முத்திரையும் வந்தன. சைவப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளி வேறு. பாலும் நெய்யும் தேனும் அதற்குள் அடக்கம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

என் தங்கை பேரனுக்கு நான்கு வயது. பால் ஒத்துக்கொள்ளாது. சென்ற மே மாதம் இப்படி ஒரு கிளை ஓட்டலில் குருமாவில் பால், தயிர் உண்டா என்று அவன் அம்மா கேட்டாள். “ப்யூர் வெஜ் மேடம், தைரியமா குடுங்க” என்றார்களாம். அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. அன்று இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். அவன் வீகன் இல்லை, குழந்தை. ஆனால் அவன் அம்மா கேட்ட கேள்வியும் நான் தினமும் கேட்கும் கேள்வியும் ஒன்று. இரண்டுக்கும் ‘ப்யூர் வெஜ்’ என்ற ஒரே பதில்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் தீபாவளி மலரில், கல்யாணப் பந்தியில் பாயசத்தை மறுக்கும் பெண்ணைக் கிண்டல் செய்து ஒரு துணுக்கு வந்தது. அந்தப் பெண் நான்தான் என்று என் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அப்போது எழுதிய கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடமாக வீட்டுக்கு வரும் பத்திரிகை, அதில் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. உங்கள் எழுத்தை நம்பி யாராவது ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். அதோடு, கட்டுரை எழுதியவர் அடுத்த முறை ஓட்டலுக்குப் போகும்போது, “இதில் பால், தயிர், நெய் உண்டா, எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று கல்லாவில் ஒரு முறை கேட்கட்டும். கிடைத்த பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கோவை