சீகன்பால்கு ஐயருக்கு, தரங்கம்பாடி வாசலிலிருந்து

மதிப்புக்குரிய ஐயர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழுப்பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்க். எங்கள் நாக்குக்கு அது அப்படியே வசப்படவில்லை. கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்தோம், பின்னால் ஓர் ஐயரைப் போட்டோம், சீகன்பால்கு ஐயர் ஆகிவிட்டீர்கள். பாதிரிமாரை ஐயர் என்பது இங்கே பழைய வழக்கம். உங்களுக்கு வெகுகாலம் பின்னால் வந்த போப்பும் எங்களுக்குப் போப்பையர்தான்.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அச்சகத்தில்தான் தொடங்குகிறார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தீர்கள், காகிதத்துக்குப் பொறையாற்றில் ஆலை வைத்தீர்கள், எல்லாம் சரி. தமிழை முதன்முதலில் அச்சேற்றியவரே நீங்கள்தான் என்றுகூடச் சிலர் மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அது தப்பு. கொல்லத்தில் 1578இலேயே தமிழ் அச்சு வந்தாயிற்று. இந்த இல்லாத பெருமையைக் கேட்டால் நீங்களே கூச்சப்படுவீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு அச்சகத்தைவிட உங்கள் முதல் வாரத்தின் மேல்தான் ஆர்வம். 1706 ஜூலை. அந்த வாரத்தில் உங்களிடம் அச்சும் இல்லை, தமிழும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்கிற சிற்றூர் உங்களுடையது. அப்பா அம்மா இருவரையும் சிறு வயதிலேயே இழந்தவர். உடம்பும் அவ்வளவு திடமில்லை; படிப்பே அதனால் அடிக்கடி தடைப்பட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்த உங்களையும், உங்கள் கூட்டாளிப் பாதிரி புளூட்சாவையும் கிறிஸ்தவ மதம் பரப்ப டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிவைத்தார். 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் 'சோஃபியா ஹெட்விக்' கப்பலில் ஏறியவர்கள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கரையில் கால் வைத்தீர்கள். மறுநாள் உங்கள் பிறந்த நாள். 24 வயது.

துறைமுகம் என்று ஒன்று அங்கே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சின்னப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தக் கடைசித் துண்டுக் கடலைக் கடப்பதே உங்களுக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. ஏழு மாதம் சுமந்துவந்த கப்பல்காரர்களுக்கு உங்களைக் கரையில் விட மனமில்லை. காரணம் உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்திருக்கும். தரங்கம்பாடி பேருக்கு டென்மார்க் ராஜாவுடையது. நடத்துவது வியாபாரக் கம்பெனி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டியதே மிளகுக்கும் துணிக்கும்தான். உள்ளூர் மக்களிடம் மதம் பேசப் போய் ஏதாவது கலகம் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ராஜாவின் கடிதம் உங்கள் பையில் இருந்தது. ஆனால் ராஜா ஏழு மாதத் தொலைவில் இருந்தார், கம்பெனி வாசலிலேயே இருந்தது.

அந்த வாசலில்தான் உங்களைக் காக்கவைத்தார்கள். காலை பத்து மணிக்கு வந்தவர்களை மாலை நாலு மணி வரைக்கும். பிறகு கவர்னர் ஹாசியஸ் தன் ஆட்களோடு வந்தார். யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தீர்கள் என்று அதட்டலாக விசாரித்தார். ராஜாவின் உத்தரவைக் காட்டினீர்கள். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்கிற மாதிரி பேசிவிட்டு அவர் நடக்க, பின்னாலேயே நீங்கள் நடக்க, சந்தைத் தெரு வந்ததும் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குக் கலைந்துவிட்டார்கள். நடுத்தெருவில் நீங்கள் இருவரும் மட்டும். இருட்டும் வரை நின்றீர்கள். அப்புறம் அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் மனம் பொறுக்காமல் வந்து தங்க ஓர் இடம் காட்டினார்.

இதைப் படித்த பிறகு நான் ஒரு கிறுக்கு வேலை செய்தேன். போன ஜூலையில் தரங்கம்பாடி போயிருந்தபோது, நானும் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அந்த வாசலில் நின்று பார்ப்பதென்று முடிவு கட்டினேன். (இப்போது நிற்கும் வாசல் 1792இல் கட்டியது, நீங்கள் நின்றது அதற்கு முந்தையது. வெயில் அதேதான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.) என்னிடம் தண்ணீர் பாட்டில் இருந்தது, தொப்பி இருந்தது, பருத்திச் சட்டை இருந்தது. நீங்களோ கறுப்பு அங்கியில் நின்றிருப்பீர்கள். பதினொன்றரைக்கே தோற்றுப்போய் எதிர்நிழலில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் அம்மா வந்து, "யாருக்காகத் தம்பி நிக்கிற?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே நின்ற ஒருத்தருக்காக என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நிழலில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. அன்று அந்தத் தெருவில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? சந்தை கலைந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவர்கள். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகும் காட்சி அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். நிச்சயம் ஏதாவது பேசியிருப்பார்கள், சிரித்துமிருப்பார்கள். நீங்கள் கரையில் காதால் கேட்ட முதல் தமிழ் உங்களைப் பற்றிய வம்பாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. நல்லதுதான்.

வெளிநாட்டுக்குப் புதிதாகப் போகும் எவருக்கும் முதல் வாரத்தில் உயரம் குறைந்துவிடும். ஊரில் நாலு பேர் மதிக்க வாயாடிக்கொண்டிருந்தவர், அங்கே தண்ணீர் கேட்கவும் கையை ஆட்டிக் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் நிலைமை இன்னும் வேடிக்கை. பேசுவதற்காகவே அனுப்பப்பட்டவர் நீங்கள். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் படித்தவர். தரங்கம்பாடியில் அவை ஒன்றுக்கும் உதவவில்லை. ஐரோப்பியர்களும் உள்ளூர்க்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஒரு மாதிரிப் போர்த்துகீசியம். அதைப் பிடித்துக்கொண்டாலே காலத்தை ஓட்டிவிடலாம்; கம்பெனிக்காரர்கள் அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புளூட்சாவ் அந்தப் பக்கம் போனார். நீங்கள் தமிழைப் பிடித்தீர்கள்.

இங்கேதான் நான் உங்களை மிகவும் ரசிக்கிறேன். தமிழ் படிப்பதற்கு உங்கள் மொழியில் கைக்குக் கிடைக்கிற இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. எழுபது வயது வாத்தியார் ஒருவரைப் பிடித்தீர்கள். அவருடைய பள்ளிக்கூடத்தையே உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்வார்கள். அந்த வரிசையில் நீங்களும் போய் உட்கார்ந்தீர்கள். ஹாலேயில் இறையியல் படித்த குரு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் பக்கத்தில் மண்ணில் விரலை வைத்து ஆனா ஆவன்னா!

அதிலும் ஒரு சிக்கல். வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. எழுத்தும் ஓசையும் வந்தன, பொருள் வரவில்லை. வாய்விட்டுப் படிக்க முடிகிறது, என்ன படிக்கிறோம் என்று தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் சிலர் இங்கிலீஷ் படிக்கும் விதம் இதுதான் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

எழுத்தாவது சுலபமா? இன்றைக்குத் தமிழ் கற்க வருகிறவர்களுக்கு நாங்கள் அச்சுப் புத்தகம் தருகிறோம். உங்களுக்குக் கிடைத்தது ஓலை. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள், ஆற்றொழுக்காகப் போகும். எழுத்தாணி பட்டால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு; 'கெடு' என்று எழுதியிருந்தால் அது கெடுவா கேடா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். க, ர, ம என்று வரிசையாக மூன்று எழுத்து இருந்தால் அதைக் 'கரம்' என்றும் படிக்கலாம், 'காம' என்றும் படிக்கலாம். பாதிரியார் ஒருவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம்! இப்படிப்பட்ட எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, எழுத்து தெரிந்தால் போதாது. மொழி முழுக்க முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஓலைகளை இன்று கொடுத்தாலும் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன்.

அப்புறம் அழகப்பன் கிடைத்தார். கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், பல ஐரோப்பிய மொழிகள் பேசுவார். அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட பிறகுதான் கதவு திறந்தது. எட்டு மாதத்தில் நீங்கள் பேசினீர்கள், படித்தீர்கள். ஒரே நூலை நூறு தடவைகூடப் படிக்கக் கேட்பீர்களாம். சாப்பிடும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், ராத்திரி கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் காதால் படிப்பீர்கள். உங்களுக்கு உதவியதற்காக அழகப்பன் பட்ட பாடு தனிக்கதை. ஊரை விட்டே அவரை அனுப்பினார்கள். உங்களுக்குச் சிலை இருக்கிறது. அவருக்கும் அந்த வாத்தியாருக்கும் எங்கேயாவது ஒரு கல்லாவது நட்டிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்த நோக்கத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எங்கள் தாத்தா பாட்டிகள் கும்பிட்டதெல்லாம் பொய் என்று சொல்வதற்காகத்தான் கப்பல் ஏறினீர்கள். கடைசி வரை அதையேதான் சொன்னீர்கள். ஆனால் 1708இல் நீதி வெண்பாவையும் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மனில் பெயர்த்தபோது, முன்னுரையில் ஒன்றை ஒப்புக்கொண்டீர்கள். ஐரோப்பாவில் பலர் இந்த மக்களை அறிவும் ஒழுங்கும் இல்லாதவர்கள் என்று நினைக்கிறார்கள், வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன், நூல்களைப் படித்த பிறகு அது மாறியது என்று. வந்த புதிதில் நினைத்தது தவறு என்று முன்னுரையில் எழுதுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

அதே வருஷம் நீங்கள் சேர்த்த தமிழ் ஓலைகளுக்கு ஒரு பட்டியல் போட்டீர்கள். அதில் திருக்குறளும் இருக்கிறது. அதே வருஷம் நவம்பரில் ஹாசியஸ் உங்களைச் சிறையில் போட்டார். வெளியே வர நாலு மாதம் ஆயிற்று. வாசலில் காக்கவைத்தவர் அத்தோடு விடவில்லை.

1713இல் எங்கள் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினீர்கள். உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். கையெழுத்துப் படி அப்படியே கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சானது. உங்கள் ஆட்கள் முதல் நாள் உங்களை வாசலில் நிறுத்தினார்கள், புத்தகத்தை 150 வருஷத்துக்கும் மேலாக.

கவர்னர் மட்டும் அந்த ஜூலை மாலையில் உங்களைக் கைகுலுக்கி உள்ளே கூட்டிப்போய், கோட்டையில் விருந்து வைத்து, போர்த்துகீசியம் தெரிந்த ஒரு துபாஷியைக் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துபாஷி பக்கத்தில் நிற்கப் பிரசங்கம் செய்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் டேனிஷ்காரர்களோடு சீட்டாடவா போயிருப்பீர்கள்? இல்லை, அப்படிப்பட்டவர் இல்லை நீங்கள். ஆனால் மணலில் உட்கார்ந்திருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1719 பிப்ரவரியில், 36 வயதில் போய்விட்டீர்கள். நீங்கள் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே கிடக்கிறீர்கள். வாசல் சோதனையில் தோற்ற அன்று சாயங்காலம் அங்கேயும் வந்தேன். உங்களிடம் ஒரு புகார் சொல்லத்தான்.

1716இல் ஹாலேயில் அச்சான உங்கள் இலக்கணப் புத்தகத்தின் பெயர் 'கிராமாட்டிக்கா தமுலிக்கா'. தமுல்! அழகப்பன் சொல்லிக் கொடுத்து, நூறு தடவை கேட்டு, பத்து வருஷம் பேசிய பிறகும் அட்டையில் ழகரம் வரவில்லை. திண்ணைப் பிள்ளைகள் இதற்கு உங்களை என்ன பாடுபடுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

போகட்டும். நாங்களும் உங்களைச் சீகன்பால்கு என்றுதானே கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
பதினொன்றரைக்கே நிழலுக்கு ஓடியவன்