நகர்வல ஓட்டத்தைத் தார் வீதியிலிருந்து இறக்குங்கள்

ஆசிரியருக்கு,

தை பிறந்ததும் யாழ் குடாநாட்டுப் பாடசாலைகளில், மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டிவிடும். அவற்றுக்கு முன்பாக நகர்வல ஓட்டம், ஆங்கிலத்தில் குரொஸ் கன்ரி (cross country). ஊரில் பலர் அதை மரதன் என்பார்கள். மரதன் 42.195 கிலோமீற்றர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நகர்வலம் என்ற பெயரே நமக்குக் கெடுதல் செய்துவிட்டது. ஊரைச் சுற்றுவதுதானே என்று பிள்ளைகளைத் தார் வீதியில் விட்டுவிடுகிறோம். முன்னுக்கு மோட்டார் சைக்கிள், பின்னுக்கு ஒரு வான், நடுவில் புகையைக் குடித்தபடி அறுபது எழுபது பேர். இந்த ஓட்டம் புல்லுக்கும் மண்ணுக்கும் உரியது. தார் போட்ட பாதையைக் கடப்பதைக்கூட இயன்றவரை தவிர்க்கவேண்டும், முடியாவிட்டால் அந்த இடத்தைப் புல்லாலோ மண்ணாலோ பாயாலோ மூடவேண்டும் என்பதுதான் சர்வதேச விதி.

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய நகர்வல ஓட்டம் 1938 இல் தொடங்கியது. வழமையாக நவம்பரில் நடக்கும். முதற்பிரிவில் 31 அணிகள், அணிக்கு 7 பேர். அணியாகத் தகுதி பெறாத 38 பேர் தனியாக ஓடுவார்கள். ஆண்களுக்கு 10 கிலோமீற்றரும் பெண்களுக்கு 6 கிலோமீற்றரும் என்பது நெடுநாள் வழக்கம். அப்போட்டி பலமுறை நடந்த இந்தியானா மாநிலத்து ஓடுபாதை ஒன்று, பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தைத் திருத்தி அமைத்தது. அவ்வளவுக்கு நம்மால் போகமுடியாது. ஆனால் அவர்கள் புள்ளி போடும் முறைக்கு ஒரு சதமும் செலவில்லை.

இங்கே பெரும்பாலும் முதல் பத்துப் பேருக்குத்தான் புள்ளி. பதினோராவது வருபவன் அதைத் தெரிந்துகொண்டு கடைசி அரைக் கிலோமீற்றரை நடந்து முடிப்பான். அங்கே ஏழு பேரில் முதல் ஐவரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணிக்கு வெற்றி. ஆகக் குறைந்தது 15. ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடங்கள் கூட்டலில் சேராது, ஆனால் எதிரணியைப் பின்தள்ளும். நான்கு இல்லங்கள், 28 பேர் என்று வையுங்கள். ஒரு இல்லம் 1, 2, 3, 17, 21: மொத்தம் 44. இன்னொரு இல்லம் 6, 7, 8, 9, 12: மொத்தம் 42, வெற்றி. அதன் ஆறாம் ஏழாம் ஆட்கள் 15, 16 ஆக வந்தவர்கள். அந்த இருவரும் இல்லையென்றால் முதல் இல்லத்தின் 17 உம் 21 உம் 15 உம் 19 உமாகி, மொத்தம் 40 ஆகியிருக்கும். முதல் மூன்று இடத்தையும் ஒரே இல்லம் எடுத்தும், புள்ளிக் கணக்கில் வராத இருவர் கிண்ணத்தைப் பறித்துவிட்டார்கள்! இதை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும், பதினாறாவது வருபவனும் கடைசிவரை ஓடுவான். சமநிலை வந்தால், எந்த அணியின் ஐந்தாம் ஆள் முன்னுக்கு வந்தாரோ அந்த அணிக்கு வெற்றியைக் கொடுக்கலாம். ஏழு பேருக்கு மேல் ஓட விட்டால் மேலதிகமானவர்களை நீக்கிவிட்டு இடங்களை மறுபடி எண்ணவேண்டும். பிழை விடுவது அதிகம் இங்கேதான்.

அடுத்த சிக்கல் முடிவிடம். கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய ஒடுங்கிய பாதை வேண்டும்: தொடக்கத்தில் நாலு மீற்றர் அகலம், போகப்போக ஒருவர் மட்டும் நுழையும் அளவு, நீளம் முப்பது மீற்றராவது. உள்ளே ஒருவரை ஒருவர் முந்தக்கூடாது. அந்தலையில் இலக்கத் துண்டுகளை வரிசையாக ஈர்க்கில் குத்தி வைத்திருந்து ஆளுக்கொன்றாகக் கழற்றிக் கொடுக்கலாம். ஒரு பிள்ளை உள்ளே விழுந்தால் வரிசை குழம்பும். துண்டோடு நேரே வீட்டுக்குப் போகிற பிள்ளையும் உண்டு. ஆகவே கோட்டில் ஒருவர் நெஞ்சு இலக்கங்களை உரத்து வாசிக்க, இன்னொருவர் கைபேசியில் ஒளிப்பதிவு செய்யட்டும்.

பாதைக்கு 1,500 முதல் 2,000 மீற்றர் சுற்று நல்லது. 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோமீற்றர், அதாவது 2,000 மீற்றர் சுற்று மூன்று. பெண்களுக்கு 4, சுற்று இரண்டு. அளப்பதற்குச் சைக்கிள் போதும். ரயரில் துணி கட்டி, மைதானத்தில் அளந்த 100 மீற்றரில் எத்தனை சுற்று வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். அதே ஆள், அதே காற்று; ஆள் மாறினால் ரயர் அமுங்குவதும் மாறும். தொடக்கத்தின் முதல் 300 மீற்றர் அகலமாக, ஒடுக்கமோ தடையோ இல்லாமல் இருக்கவேண்டும். மைதான வாசலால் எல்லோரையும் ஒரேயடியாக ஒழுங்கைக்குள் அனுப்புவதால்தான் முழங்கால்கள் உரிகின்றன.

கோண்டாவில், உரும்பிராய் செம்மண் தரிசுகள் இதற்கு வாய்ப்பானவை. பனங்கூடலுக்குள் போவதானால் கருக்குமட்டையையும் பனங்கொட்டையையும் முதலே பொறுக்கவேண்டும், பலர் வெறுங்காலில் ஓடுகிறவர்கள். அறுவடை முடிந்த வயலில் தாள்கட்டை பாதத்தைக் கிழிக்கும், வெடித்த களியில் கணுக்கால் பிரளும். அங்கே வரம்பு ஓரமாகப் போகலாம். மணலில் 200 மீற்றருக்கு மேல் வேண்டாம். மிதிவெடி அகற்றி, மக்கள் புழங்குகிற காணியாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடையாள ரிபனை அதிகாலையில் கட்டுங்கள். முதல் நாள் கட்டினால் மாடு தின்றுவிடும்.

காலை ஆறரைக்கு ஓட்டம் தொடங்கவேண்டும். பிரதம விருந்தினருக்காக எட்டரை வரை காத்திருப்பது மன்னிக்கமுடியாதது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் இதே ஓட்டத்தைத் தொடங்கிய 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். அதன் பிறகு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டமே இல்லை. ஓடி வந்த பிள்ளை சுருண்டு விழுந்து பேச்சுத் தடுமாறினால் வெப்ப அதிர்ச்சி என்றே எடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் கழுத்துவரை குளிர்நீரில் இருத்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொள்ளுங்கள். முதலில் குளிர்த்துவது, ஏற்றுவது பிறகு. தோட்டக் கிணற்றடித் தொட்டியும், மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடத்தில் வாங்கிய நாலைந்து கட்டிகளும் இருந்தால் ஆயத்தம் முடிந்தது.

காணிக்காரரிடம் இரண்டு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். பக்கத்துப் பாத்தியில் வெங்காயம் நிற்கும். அந்த மூலையில் மட்டும் ரிபனை நம்பாமல் ஒரு ஆசிரியரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் காணி கிடைக்காது.

மெய்வல்லுநர் நடுவர் ஒருவர்
கோப்பாய்